மாடமில்லாத மாடப்புறா

திருகோணமலை என்றவுடன் எவர் நெஞ்சிலும் முதலில் எழுவன கோணேசர் கோயிலும் இயற்கைத் துறைமுகமுமேயாம். நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் சென்றால் நிலாவெளிக் கடற்கரை. அங்கு நின்று கிழக்கே நோக்கினால், ஒரு கிலோமீற்றர் தொலைவில், அலைகளின் நடுவே கற்பாறைத் திட்டுகள் இரண்டு தோன்றும். புறாத்தீவு எனப்படுவன இவையே. ஊரவர் புறாமலை என்பர்.

ஆனி மாதத்துக் காலைப்பொழுது ஒன்றில், கச்சான் காற்று வலுக்குமுன், கலைப்பீட மாணவன் ஒருவன் அக்கரையில் வந்து நின்றான். திருகோணமலையிற் பிறந்து இருபத்திரண்டு ஆண்டுகள் வளர்ந்தும் அத்தீவில் அவன் கால் பட்டதில்லை. அவன் தந்தையின் இளமை போர்க்காலத்திற் கழிந்தது. 2009 இல் போர் முடியும்வரை அக்கடல் அவருக்குப் பார்ப்பதற்கு உரியதாயிருந்ததேயன்றிப் போவதற்கு உரியதாக இருக்கவில்லை. தீவைப் பற்றிக் கேட்டால், “தூரத்தில நிண்டு பார்த்தா வடிவுதான்” என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டைப் பெற்று மாணவன் படகேறினான். படகோட்டி அறுபதைக் கடந்தவர். கால்மணி நேரத்துக்குள் படகு பெரிய தீவின் கரையைத் தொட்டது. அக்கரையின் பெரும்பகுதி மணலன்று. இறந்த முருகைக் கற்கள் அலையால் ஒதுக்கப்பட்டு அங்கே குவிந்து கிடந்தன. அடி வைக்குந்தோறும் ஓட்டுத்துண்டுகள் போல அவை ஒலித்தன. மான்கொம்பு போன்ற வெண்ணிறக் கிளை ஒன்றைத் தங்கைக்கென எடுத்துப் பையில் வைத்தான் அவன்.

“தம்பி, அதைக் கிடந்த இடத்திலயே போடுங்க. ஆளுக்கொண்டு எடுத்தா இந்தக் கரை மிஞ்சுமா?” என்றார் படகோட்டி.

மாணவன் நாணத்துடன் அதைக் கீழே வைத்தான். பின்னர் நீரில் இறங்கியபோது முதியவர் மீண்டும் எச்சரித்தார்: “கால் ஊண்ட வேணாம், மிதவுங்க. மிதக்கத் தெரியாட்டிக் கரையில இருங்க.”

நீருக்குள் முகம் வைத்தபின்னரே அவ்வெச்சரிக்கையின் பொருள் அவனுக்கு விளங்கிற்று. பாறையெனத் தோன்றுவது பாறையன்று. நுண்ணிய உயிர்கள் கோடிக்கணக்கிற் கூடிக் கட்டிய குடியிருப்பு. திரண்டு வளரும் முருகை ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றரே வளரும். அதனிடையே வண்ணமீன்கள் மேய்ந்தன. கருமுனைச் சுறா ஒன்று மனிதனைப் பொருட்படுத்தாது விலகிச் சென்றது. 1998 இல் கடல்நீர் வெப்பமுற்று இலங்கையின் தென்மேற்குக் கரையோர முருகைகள் வெளிறி மடிந்தன. திருகோணமலைப் பக்கத்து முருகைகளோ அன்று பெரும்பாலும் தப்பின. வெப்பத்துக்குத் தப்பியது காலடிக்குத் தப்புமா?

கரையேறிய மாணவன், “இவ்வளவு பேர் வாறது உங்களுக்கு நல்லதுதானே, ஐயா?” என வினவினான்.

“ஆக்கள் வராட்டி எனக்குச் சோறில்ல. வந்து மிதிச்சா நாளைக்கு ஆக்களும் வராயினம், மீனும் வராது” என்றார் அவர்.

பின்னர் இருவரும் பாறை மேல் ஏறினர். வெடிப்பொன்றிலிருந்து சாம்பல்நிறப் புறாக்கள் படபடத்தெழுந்தன. கோபுரங்களிலும் வீட்டு மாடங்களிலும் வாழும் புறாக்களின் மூதாதையர் இத்தகைய பாறைப்புறாக்களே. மனிதனுடைய மாடத்தை நோக்கி இப்பறவைக்கு நாம் மாடப்புறா எனப் பெயரிட்டோம். அதன் முதல் வீடோ பாறைவெடிப்பு. ஆங்கிலேயர் காலத்தில் இத்தீவு சுடுபயிற்சிக்கு இலக்காயிற்று என்பர். 1963 இல் இது சரணாலயமாகவும், 2003 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. துப்பாக்கி ஓய்ந்தது, போரும் ஓய்ந்தது. இன்று வருவோர் பகைவரல்லர், அழகை நாடி வரும் விருந்தினரே. ஆயின் வீட்டாரின் முறையறியாத விருந்தும் வீட்டைக் கெடுத்துவிடும்.

அன்று மாலை வெறுங்கையுடன் வீடு திரும்பிய மகனைத் தந்தை நோக்கினார்.

“கிட்ட நிண்டு பார்த்தாலும் வடிவுதானோ?”

“வடிவுதான், அப்பா. வாற ஞாயிறு நீங்களும் வாங்க. கால் வைக்கிற இடத்தை நான் காட்டுறன்.”

தந்தை உடனே விடையளிக்கவில்லை. சிறிது நேரங்கழித்து, படகு எத்தனை மணிக்குப் புறப்படும் என்று கேட்டார்.