காலில் பார்க்காத நாடி

சித்தப்பா மகனுக்குக் கை இரண்டும் உருட்டுக்கட்டை மாதிரி. தங்கச்சிமடத்தில் விசைப்படகுத் தொழில். கால்தான் குச்சி. "கொஞ்சம் வேகமா நடந்தா கெண்டைக்கால் இழுக்குதுண்ணே" என்பான். கடல்ல கிடக்கிறவனுக்கு ஏது நடை என்று வீட்டில் சிரிப்பார்கள். தலைவலி வந்தால் வெயில் மேல் பழி. 24 வயதில் ஒரு முகாமில் பிரஷர் பார்த்தார்கள்: 170க்கு 110. "கருவாட்டைக் குறைப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வயதில் அவ்வளவு பிரஷர் ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

26 வயதில், படகுகள் 61 நாள் கரையில் கிடக்கும் தடைக்காலத்தில், வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவன் "தலை வெடிக்குது" என்று சாய்ந்தான். பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம், அங்கிருந்து மதுரை. மூளையில் ரத்தக்கசிவு. மதுரையில் ஓர் இளம் டாக்டர் அவன் தொடை இடுக்கில் இரண்டு விரல் வைத்து வெகுநேரம் நின்றார். பிறகு காலிலும் பிரஷர் பட்டையைக் கட்டச் சொன்னார். கையில் இருந்ததில் பாதிகூட இல்லை.

இதயத்திலிருந்து மேலே கிளம்பும் பெருந்தமனி, வளைந்து கீழே இறங்கும். தலைக்கும் கைக்கும் கிளைகள் பிரிந்தபின், அந்த இறக்கத்தில் அவனுக்குப் பிறவியிலேயே சுருக்கம். கோஆர்க்டேஷன் என்கிறார்கள். மடங்கிய ஓஸ் போல மேலே முட்டும் அழுத்தம், கீழே வறட்சி. விலா எலும்புகளை ஒட்டிய சிறு குழாய்கள் பருத்து மாற்றுப்பாதை போட்டுக்கொள்ளும். அவன் அத்தனை வருடம் படகேறியது அந்தப் பாதையின் தயவில். இந்தக் குறையுள்ளவர்களில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்கு மூளை ரத்தக்குழாயில் குமிழ் இருக்கும். அது உடைந்ததுதான்.

1944இலேயே ஸ்டாக்ஹோமில் கிராஃபோர்டு இந்தச் சுருக்கத்தை வெட்டியெடுத்துத் தைத்துவிட்டார். இப்போது பலருக்குத் தொடை வழியாகவே பலூனும் ஸ்டென்ட்டும் போகின்றன. கலாமும் டாக்டர் சோமராஜுவும் செய்த விலை குறைந்த ஸ்டென்ட் பற்றி எங்கள் தீவில் பள்ளிப்பிள்ளைகூடப் பேசும். அது இதயத்தின் சொந்தக் குழாய்களுக்கானது, இது வேறு. இதைச் சந்தேகிக்க இரண்டு விரல் போதும், காசில்லை. ஆனால் கைலியைத் தளர்த்தச் சொல்லி நாடி பார்க்க வேண்டும். வரிசையில் நூறு பேர் நிற்கையில் மணிக்கட்டுதான் வசதி.

நான்காம் நாள் முடிந்தது.

"எல்லாரும் கையத்தானே பிடிச்சாக" என்று சித்தி ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். போன மாதம் பேரனுக்கு 9 மாதத் தடுப்பூசி. ஊசி போட்டு முடித்த நர்ஸிடம், அழுகிற பிள்ளையின் காலை விரித்துப் பிடித்துக்கொண்டு கேட்டாளாம்: "தொடை இடுக்குலயும் கொஞ்சம் நாடி பாருங்கம்மா."