பேர் போடாத கத்தி

புதுச்சேரி குபேர் அங்காடியின் மீன் பகுதிக்குப் போகிறவர்கள் மீனைத்தான் பார்ப்பார்கள். நான் கத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரிய வஞ்சிரம் ஒன்றைப் புளியங்கட்டையில் கிடத்தித் துண்டம் போட்டுக்கொண்டிருந்த அக்காவின் கையில் இருந்தது எவர்சில்வர் கத்தி அல்ல. முதுகு தடித்த, கறுத்த இரும்பு. தீட்டித் தீட்டி அகலம் பாதியாகத் தேய்ந்திருந்தது. நடுமுள்ளில் இறங்கியபோதும் வாய் மடங்கவில்லை, பல் விழவில்லை. யார் அடித்தது என்று கேட்டேன்.

"எங்க மாமியார் வெச்சிருந்தது தம்பி. யாரோ ஆச்சாரி. பேரெல்லாம் யாருக்குத் தெரியும்?"

இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார். முத்திரையோ எழுத்தோ கிடையாது.

அடித்தவன் பேர் கிடைக்காதது உலகம் முழுக்க உள்ள கதைதான். சீனாவில் ஹூபெய் மாகாணத்துக் கல்லறை ஒன்றில் 1965இல் கிடைத்த வெண்கல வாள், சுமார் 2,500 ஆண்டுப் பழையது. பெரிதாகத் துருவோ களிம்போ ஏறாமல் வந்தது. அதன் அலகில் எட்டு எழுத்துகள். யுவே நாட்டரசன் கோஜியான், தன் உபயோகத்துக்குத் தானே செய்துகொண்ட வாள் என்கின்றன. அரசன் உலை முன்னால் உட்கார்ந்திருப்பான் என்று நான் நம்பவில்லை. நம் பக்கம் பேர் இருந்தாலும் நம்ப முடியாது. தென்னிந்திய வாள்களில் பறங்கியர் கொண்டுவந்த அலகுக்கு உள்ளூர்ப் பிடி போட்டவை ஏராளம். அந்த அலகுகளுக்கு மவுசு கூடியதும், ஐரோப்பியப் பட்டறைகளின் முத்திரைகளை இங்கேயே வெட்டிப் போட்டார்கள். தஞ்சை அரண்மனை ஆயுதசாலையில் இருந்தவற்றில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கையில் உடைபட்டுப் பழைய இரும்பாகப் போனது. தப்பிய சில எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றை அடித்தவர்களைப் பற்றியும் நமக்கு ஒன்றும் தெரியாது.

ஆக, ஆளை விட்டுவிட்டு இரும்பிடம்தான் கேட்க வேண்டும். சாணை பிடிக்கிறவர் ஒருவர் வழி சொன்னார். கடலூர் சாலையிலிருந்து பிரியும் சந்தில் ஒரு கொல்லப் பட்டறை. தகரக் கூரை, துருத்திக்குப் பதில் மின்சார ஊதி, மரத்துண்டில் இறக்கிய பட்டறைக்கல். ஆச்சாரிக்கு அறுபது வயது இருக்கும். செல்போனில் எடுத்துப்போன படத்தைக் காட்டினேன். கண்ணாடியைக்கூட எடுத்து மாட்டவில்லை.

"போட்டோல இரும்பு தெரியாது சார். சாமானைக் கொண்டா."

தொழில் சாமானை யார் இரவல் தருவார்கள்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் கை கொடுத்தது. பெரிய மீன் வரத்து குறைந்திருந்த நேரத்தில், ஆடிக்கொண்டிருந்த பிடியை மாற்றித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு அக்கா கத்தியைக் கொடுத்தார்.

ஆச்சாரி அதை விரல் நுனியில் தொங்கவிட்டு ஆணியால் தட்டினார். ஓசை இழுத்துக்கொண்டு நின்றது. உள்ளே விரிசல் இல்லை என்றார். அடுத்து அரத்தை எடுத்து முதுகில் ஓர் இழுப்பு, கரகரவென்று பிடித்தது. வாயில் வைத்து இழுத்தார். கண்ணாடியில் போனமாதிரி வழுக்கியது. பக்கவாட்டில் கொஞ்சம் இடத்தைத் தேய்த்து வெளுப்பாக்கி, பாதி எலுமிச்சம்பழத்தைத் தடவி ஓரமாக வைத்தார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் வாயோரம் மட்டும் கறுத்திருந்தது. மேலே சாம்பல் நிறம், கீழே கறுப்பு, நடுவில் நெளிநெளியாக ஒரு கோடு.

"உருக்கு வெச்ச கத்தி சார். இப்ப யாரும் இத செய்றதில்ல."

உடம்பு முழுக்கப் பச்சை இரும்பு. அதன் விளிம்பைப் பிளந்து, நடுவில் உருக்குத் துண்டு ஒன்றைச் செருகி, வெங்காரம் தூவி, உலையில் காயவைத்து அடித்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். அறுக்கிற வேலை உருக்குக்கு, அதிர்ச்சி தாங்குகிற வேலை இரும்புக்கு. சீனத்தில் செஜியாங் மாகாணத்து லோங்சுவான் ஊர், வாளுக்குப் பேர்போனது. அங்கே வாள் அடிக்கும் கலையை 2006இல் தேசிய மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தார்கள். மென் இரும்பு நடுவே உருக்கைச் செருகுகிற இதே முறை சீனக் கொல்லர்களுக்கும் உண்டு. ஒருவரிடம் ஒருவர் கற்றிருக்க வேண்டியதில்லை. உருக்கு விலை அதிகம், இரும்பு மலிவு. எந்த ஊர்க் கொல்லனும் இந்தக் கணக்குக்குத்தான் வந்து சேர்வான்.

உருக்கு எங்கிருந்து வந்திருக்கும்? பழைய அரமாக இருக்கும் என்பது ஆச்சாரியின் ஊகம். அவருடைய அப்பா காலத்தில் ரோடியர், சுதேசி, பாரதி என்று மூன்று மில்களும் ஓடிய ஊர் இது. மில் பட்டறைகளில் மழுங்கிய அரங்கள் எடைக்கு வருமாம். நல்ல அரத்தில் நூற்றுக்கு ஒரு பங்குக்குக் குறையாமல் கார்பன் இருக்கும். இங்கிருந்து மேற்கே, பழைய தென்னாற்காடு மாவட்டத்து மேல்சிறுவளூரில் உருக்குச் செய்த மூசைகளின் உடைசல்களைக் கண்டு, அது பற்றி 1994இல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் எழுதினார். ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்று பெயரிட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்ட உருக்கு அது; அதிலும் கார்பன் ஏறக்குறைய இந்த அளவுதான், சிலவற்றில் இன்னும் அதிகம். ஐரோப்பியக் கொல்லர்கள் தங்கள் பழக்கப்படி வெள்ளைச் சூட்டுக்கு ஏற்றி அடித்தபோது அது உதிர்ந்துபோனது. கார்பன் கூடக்கூட உருக்கு தாங்கும் சூடு குறையும். ஆச்சாரியிடம் இதைச் சொன்னேன். அவர் வியக்கவில்லை. "வெந்துபோச்சுன்னா அவலு மாதிரி உதிர்ந்துடும் சார். மஞ்சளுக்கு வரணும், வெள்ளைக்குப் போவக்கூடாது."

அவர் இப்போது அடிப்பது லாரி பட்டை. ஸ்பிரிங் பட்டையில் கார்பன் அரத்தில் உள்ளதில் பாதிதான். ஆனாலும் அரிவாளுக்கு அது போதும், செருகும் வேலையும் இல்லை. தோய்ச்சல் போடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் பொழுது சாய வா என்றார். வெயிலில் இரும்பின் நிறம் பொய் சொல்லுமாம். உலையில் அரிவாள் சிவந்து வரும்போது காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனார், ஒட்டவில்லை. இரும்பு சுமார் 770 டிகிரியில் காந்தத்தை விட்டுவிடும். அதற்குமேல் ஒரு கொசுறு சூடு ஏற்றி, வாயை மட்டும் எண்ணெயில் இறக்கினார். முதுகு வெளியே சிவப்பாகவே நின்றது. தீ பொங்கியது, அவர் கை அசையவில்லை. எடுத்து அரம் போட்டால் வழுக்குகிறது. ஆனால் இந்த நிலையில் கீழே விழுந்தால் உடையும். எனவே வாயைத் தேய்த்து மினுக்கி, முதுகை மறுபடி கனலில் காட்டினார். சூடு முதுகிலிருந்து இறங்க, மினுக்கிய இடத்தில் வைக்கோல் மஞ்சள் வந்தது, பழுப்பானது, ஊதாவானது. நீலம் எட்டிப் பார்த்ததும் தொட்டியில் முக்கிவிட்டார். மீன் கத்தியென்றால் மஞ்சளிலேயே நிறுத்துவாராம். விறகு பிளக்கிற அரிவாளுக்கு நீலம். இந்தச் சில நொடிகளில்தான் நல்ல கத்தியும் கெட்ட கத்தியும் பிரிகின்றன. என்ன இரும்பு, என்ன விலை என்பதெல்லாம் இரண்டாம் பட்சம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வாள் அடிப்பீர்களா என்று கேட்டதற்குச் சிரித்தார். வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் தொழிலுக்கும் அல்லாமல் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமான கத்தி ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்துவிடும். 2021இல் தமிழ்நாட்டில் போலீஸ் கொல்லர்களைக் கூப்பிட்டு, அரிவாள் வாங்குகிறவர் பேர், விலாசம் எழுதி வைக்கச் சொன்னது. எல்லை தாண்டினால் விழுப்புரம், கடலூர். அங்கே உறவுக்காரர்கள் இதே தொழிலில் இருக்கிறார்கள், அதனால் அவருக்கும் கதை தெரியும். "அடிச்சவன் பேரு யாருக்கும் வேணாம் சார், வாங்கினவன் பேருதான் வேணும்."

அக்காவின் கத்தியில் பழைய பிடியைத் தட்டிக் கழற்றினார். உள்ளே அரக்கு இறுகிய காம்பு. சுரண்டியதும் உளியால் வெட்டிய மூன்று சின்ன வெட்டுகள் தெரிந்தன. அடித்தவர் போட்ட அடையாளமா?

"அரக்கு பிடிக்கிறதுக்குப் போட்டது. நானும் போடுவேன். எங்கப்பாவும் போட்டாரு."

இதேபோல ஒன்று எனக்கு அடித்துத் தர முடியுமா என்று கேட்டேன். உருக்குச் செருகி அடிக்கச் சம்மட்டிக்கு இன்னோர் ஆள் வேண்டும். மகன் தட்டாஞ்சாவடியில் கம்பெனி வேலைக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை வருவான், கையில் இன்னும் தெம்பு இருக்கிறது. ஆனால் அரம் நான் கொண்டுவர வேண்டும். புதிது வேண்டாம், மலிவாக வருவதில் பலதும் மேல்தோல் மட்டும்தான் கெட்டி, உள்ளே வெறும் இரும்பு. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய இரும்பு விரிப்பவரிடம் ஒன்று இருக்கிறது, முக்கால் அடி, துருவேறியது. முந்நூறு ரூபாய் சொல்கிறார். நான் நூறில் நிற்கிறேன்.