கிண்ணியாப் பாலம் வரை

"இண்டைக்கு கிண்ணியா வரைக்கும் நீதான் ஓடுறாய், பிள்ளை" என்றார் மாமா. பழகுநர் அனுமதிப்பத்திரம் கிடைத்து மூன்று வாரம்தான். கார் அவருடைய பழைய மாருதி 800. முன்னும் பின்னும் 'எல்' பலகை. 796 சீசீ இயந்திரம், ஏற்றத்தில் மூச்சு வாங்கும்.

சீனன்குடாவில் பின்னால் வந்த பஸ் விடாமல் ஹோன் அடித்தது. பயத்தில் வேகத்தைக் கூட்டினேன். மாமா களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தையில், உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில், கார்ப் பந்தயம் பார்த்தவர். "அங்கேயும் மெதுவான கார் தன் கோட்டில்தான் போகும். வேகமானவன் சுற்றிப் போவான். கண்ணாடியைப் பார், இடப்பக்கம் நேராய்ப் பிடி" என்றார். பிடித்தேன். பஸ் முந்திப் போனது. அவ்வளவுதான்!

பாலம் வந்தது. 396 மீற்றர் நீளம், 2009 ஒக்டோபரில் திறந்தது. அதற்கு முன் இங்கே 'பாதை'யில்தான் கடக்க வேண்டும். ஆலங்கேணியில் அம்மாவுக்கு நெஞ்சுநோ வந்த இரவு, வாகனமும் இல்லை, பாதையும் இல்லை. விடியும்வரை கரையில் அவளை மடியில் வைத்திருந்தேன்.

பாலத்தின் நடுவில் மூன்றாம் கியர். இரு பக்கமும் தண்ணீர். அக்கரையில் கிளச்சைச் சட்டென விட்டதில் இயந்திரம் நின்றுவிட்டது. ஓட்டோக்காரர் ஒருவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மறுபடி ஸ்டார்ட் செய்தேன்.