வசை தொலைந்த பாட்டு

1956 ஜூலை 1 அன்று ஸ்டீவ் ஆலனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், விருந்துக்குரிய கோட்டணிந்த எல்விஸ் பிரெஸ்லி, எதிரே பீடத்தில் அமர்த்தப்பட்ட ஒரு நாயைப் பார்த்து ‘ஹவுண்ட் டாக்’ பாடினார். மறுநாள் நியூயார்க்கில் அது ஒலிப்பதிவாயிற்று. அவ்வாண்டின் பெருவெற்றிப் பாடல்களுள் ஒன்றுமாயிற்று. ஆனால் அப்பாட்டு முதலில் நாயைப் பற்றியதே அன்று.

1952 ஆகஸ்டு 13-இல், லாஸ் ஏஞ்சலிஸில் அதை முதன்முதலாகப் பாடிப் பதிவு செய்தவர் வில்லி மே தார்ன்டன். அலபாமாவில் பிறந்த கறுப்பினப் பாடகி. ‘பிக் மாமா’ என்றே அறியப்பட்டவர். அவருக்கென்றே அதை எழுதியவர்கள் ஜெரி லைபர், மைக் ஸ்டோலர் என்னும் 19 வயது யூத இளைஞர்கள். தன்னை ஒட்டிப் பிழைக்க வந்து நிற்கும் ஆணொருவனை ஒரு பெண் வாசலிலேயே வைது விரட்டுவதுதான் அவர்கள் எழுதியது. நாய் என்பது அங்கே வசை. 1953-இல் அது ரிதம் அண்ட் புளூஸ் வரிசையில் 7 வாரம் முதலிடத்தில் நின்றது. பின்னர் ஃபிரெடி பெல் குழுவினர் வசையை நீக்கி, முயல் பிடிக்கத் தெரியாத நாயென்று அதை வேடிக்கையாக்கினர். லாஸ் வேகாஸில் அவர்கள் பாடக் கேட்ட எல்விஸ் எடுத்துக்கொண்டது இவ்வடிவத்தையே. லைபருக்கு அது பிடிக்கவே இல்லை.

கறுப்பரின் பாட்டை வெள்ளையர் திருடினர் என்று இவ்வரலாற்றை ஒரே வரியில் முடிக்கும் பழக்கம் உண்டு. கோபம் நியாயமானதே, வரிதான் போதவில்லை. எழுதியவர்கள் வெள்ளையர், வெளியிட்ட பீகாக் நிறுவனத்தின் உரிமையாளர் டான் ரோபியோ கறுப்பர். மெம்பிஸின் சன் நிறுவனம் அதே மெட்டில் ‘பேர் கேட்’ என்ற எதிர்ப்பாட்டை வெளியிட்டபோது ரோபி வழக்குத் தொடுத்து வென்றார். மெட்டின் உரிமை காக்கப்பட்டது. பாடியவருக்கு? 500 டாலருக்கான ஒற்றைக் காசோலையே தமக்குக் கிடைத்ததென்று தார்ன்டன் பிற்காலத்தில் கூறினார். அன்றைய அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் அறிந்தவை சொல்லும் மெட்டும் மட்டுமே. ஒலிப்பதிவுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பு 1972-இல்தான் வந்தது; அதுவும் அப்போது பழைய பதிவுகளுக்கு இல்லை. எல்விஸின் இசைத்தட்டு எத்தனை விற்றாலும் பங்கு எழுதியவர்க்கும் பதிப்பாளர்க்குமே.

தார்ன்டனின் பதிவில், பீட் லூயிஸின் கிதார் ஒலிக்கும் இடமெங்கும் அவர் அதட்டுகிறார், சீண்டுகிறார், உற்சாகமூட்டுகிறார். இறுதியில் வாத்தியக்காரர்கள் நாயாய் ஊளையிடுகின்றனர். அந்த அதட்டலைத்தான் சட்டம் பாட்டென்று கொள்ளவில்லை.