ஏரிக்கரைச் சைக்கிள் யாத்திரை

மழைக்காலத்தில் சைக்கிள் விடுவதைப் பற்றிப் பெரியோர்களுக்குள் இரண்டு அபிப்பிராயம் இருந்ததில்லை. "ஜலதோஷம் பிடிக்கும்" என்பது பாட்டிமார் கட்சி. "பள்ளம் தெரியாது" என்பது தாத்தாமார் கட்சி. இவ்விரு கட்சியாரும் வேறு எந்த விஷயத்திலாவது ஒற்றுமைப்பட்டதாக எங்கள் குடும்பச் சரித்திரத்தில் தகவல் கிடையாது. அப்படியிருந்தும், சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வங்காளக் குடாவில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி ஒன்று உருவாகி, "சில இடங்களில் மிதமான மழை" என்று அறிவிப்பும் வந்த பிறகு, பள்ளிக்கரணையிலிருந்து பதினொரு பேர் சைக்கிளில் புறப்பட்டோம். 120 கிலோமீட்டர் வட்டம். அதில் பாதிக்கு மேல் தாரைக் கண்டறியாத பாதை: ஏரிக்கரை, வாய்க்கால் வரப்பு, காட்டு ஓரம்.

"நல்ல சாலை இருக்கும்போது சேற்றில் போவானேன்?" என்று நேயர்கள் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். செங்கற்பட்டுப் பிரதேசத்தை ஏரிகளின் சீமை என்று சொல்வது வழக்கம். ஆனால் சாலையில் போகிறவனுக்கு ஏரி தெரியாது. கரையின் முதுகு மட்டுமே தெரியும். எங்கள் பக்கத்து மழை ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஆகையால் ஏரி ஏரியாக இருக்கும் காலத்தில் அதைப் பார்க்க வேண்டுமானால் நனையத்தான் வேண்டும். பூகோளம் போதிக்கிற எனக்கு இது தொழில் சம்பந்தமான காரியம் என்றுகூட வீட்டில் வாதாடியிருக்கிறேன்.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளிக்கரணையில் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே கூப்பிடு தூரத்தில் சதுப்பு நிலம் இருக்கிறது. பழைய மனிதர்கள் அதைக் கழுவெளி என்பார்கள். 2022-ஆம் வருஷத்தில் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் ஏறி, சர்வதேச முக்கியத்துவம் பெற்றுவிட்டது. 1,247 ஹெக்டேருக்குச் சற்று அதிகம் என்று கணக்கு. சர்வதேசப் புகழ் வந்தபோதிலும், மழை நாளில் அது தன் பழைய எல்லைகளை மறப்பதில்லை. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் எங்கள் தெருவுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போயிற்று. 2023-இல் வந்த ஜலம் கூடத்துச் சுவரில் விட்டுச் சென்ற கறையின் மேல் என் தாயார் நீல வர்ணத்தில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாள். விருந்தாளிகளுக்கு முதலில் அதைக் காட்டிவிட்டுத்தான் காபி கொடுப்பாள்.

இனி, பிரயாணிகள். வங்கி அதிகாரி ஒருவர், கணினிக் கம்பெனி இளைஞர் நால்வர், பல் வைத்தியர், அவருடைய மனைவி, ஓய்வு பெற்ற தபால்காரர், சைக்கிள் கடைக்காரர், நான், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. இந்தக் கடைசிப் பிரயாணியைப் பற்றித்தான் முதல் நாளே விவாதம் நடந்தது. மற்றவர்களுடைய வண்டிகள் இருபது முப்பது கியர் உள்ளவை. ஒன்றின் விலை லட்ச ரூபாய். அவளுடையது பதினோராம் வகுப்பில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த சைக்கிள். கியர் கிடையாது, முன்னால் ஒரு கூடை உண்டு. கொத்து வேலை செய்யும் அவளுடைய தகப்பனார் என்னிடம் வந்து, "சார், உங்களை நம்பித்தான் அனுப்புறேன். முடியலைன்னா பாதியிலே ஏத்தி விட்டுடுங்க" என்றார். அவள் அருகில் நின்று, "முடியும்ப்பா" என்றாள். அவ்வளவுதான் அவள் செய்த பிரசங்கம். வங்கி அதிகாரி மட்டும், "சார், இந்த வண்டியிலே 120 கிலோமீட்டரா?" என்று என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்.

விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தூறலில் கிளம்பி, மேடவாக்கம், சித்தாலப்பாக்கம் கடந்து தாழம்பூர்ப் பக்கம் மண் பாதையில் இறங்கினோம். தையூர் ஏரிக்கரையை அடைவதற்குள் தூறல் மழையாயிற்று. அதுவரையில் பேசிக்கொண்டு வந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்தப் பக்கத்துக் களிமண்ணைப் பற்றி நேயர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. காய்ந்தால் சிமென்டு, நனைந்தால் கோந்து. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது கொஞ்சம் மண்ணை எடுத்துக்கொள்ளும். அடுத்த சுற்றில் அந்த மண் இன்னும் கொஞ்சம் மண்ணைக் கூப்பிடும். பத்து நிமிஷத்தில் போர்க்குக்கும் டயருக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சக்கரம் அடியோடு நின்றுவிடும். குச்சியால் குத்தி எடுப்பதும், நூறு கஜம் போவதும், மறுபடி குத்துவதுமாக முக்கால் மணி நேரத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் முன்னேறினோம். சைக்கிள் கடைக்காரர் முதல் நாளே மாணவியின் வண்டியிலிருந்து மட்கார்டுகளைக் கழற்றி வைத்திருந்தார். "மழைக்கு மட்கார்டு வேணும், களிமண்ணுக்கு வேண்டாம்மா" என்பது அவர் சித்தாந்தம். மற்றவர்களை டயர்க் காற்றையும் கொஞ்சம் இறக்கச் சொன்னார். காற்றுக் குறைந்த டயர் தரையில் அகலமாகப் படியும். அழுந்துவது குறையும், பிடிப்பு அதிகமாகும்.

இங்கேதான் முதல் அபாயம். வங்கி அதிகாரியின் சைக்கிளில், சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் இரும்புக் கை, சேறு அடைத்து முறுக்கிக்கொண்டு முறிந்தது. லட்ச ரூபாய் வண்டி ஏரிக்கரையில் படுத்துவிட்டது. கடைக்காரர் அதைப் பார்த்துச் சிறிதும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. முறிந்த பாகத்தைக் கழற்றிப் பையில் போட்டார். சங்கிலியில் சில கண்ணிகளை எடுத்துக் குறைத்து, நடுப் பல்சக்கரம் ஒன்றிலேயே இறுக மாட்டிவிட்டார். "சார், இனிமே இதுவும் கியர் இல்லா வண்டிதான். தங்கச்சி வண்டி மாதிரியே போகும்" என்றார். மாணவி சிரிக்கவில்லை, நாங்கள் சிரித்தோம். வங்கி அதிகாரி பெருந்தன்மையுடையவர். அவரும் சிரித்தார்.

திருப்போரூரில் இட்லி. அங்கிருந்து செங்கற்பட்டு செல்லும் வழியில் குன்றும் காடுமாக இருக்கும். செம்மண், கால் புதையாது, வண்டி ஓடும். இந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, சுகமாக இருந்தது என்பதைத் தவிர. சுகத்தைப் பற்றி எழுதி யார் படிக்கப் போகிறார்கள்?

கொளவாய் ஏரியருகே ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கினோம். மழை கூரையைப் பிய்த்தது. கணினி இளைஞர்களில் இருவர் திரும்பிவிடலாம் என்று பேசத் தொடங்கினார்கள். உபாத்தியாயர் என்ற முறையில் எனக்குள்ள ஒரே ஆயுதத்தை எடுத்தேன். அதாவது கதை சொன்னேன். 1923-ஆம் வருஷம் அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்ஸி வாலிபர்கள் சைக்கிளில் உலகத்தைச் சுற்றக் கிளம்பினார்கள். பாரசீகம், மெஸபடோமியா, சிரியா, ஸினாய்ப் பாலைவனம் என்று சாலையென்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத வழி. 1928 மார்ச்சில் பம்பாய் திரும்பியவர்கள் மூவர்: ஆதி ஹக்கீம், ஜால் பாபாஸோலா, ருஸ்தம் பூம்காரா. சுற்றிய தூரம் ஏறக்குறைய 71,000 கிலோமீட்டர். அடிமை நாட்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் முடியுமா என்று நினைத்த காலத்தில் செய்த காரியம். அவர்கள் எழுதிய புத்தகத்துக்கு ஜவாஹர்லால் நேரு முன்னுரை எழுதினார்.

அதற்கும் முன்னால், 1897-இல், அமெரிக்காவில் 25-ஆம் காலாட்படையைச் சேர்ந்த இருபது கறுப்பு இனச் சிப்பாய்கள், மோஸ் என்ற லெப்டினன்டின் தலைமையில், மான்டானா மாகாணத்திலிருந்து ஸெயின்ட் லூயிஸ் நகரம் வரையில் சைக்கிளில் போனார்கள். 1,900 மைல், 41 நாள். மழையில் பாதை களியாகிச் சக்கரம் உருளாதபோது, ரயில் தண்டவாளத்தின் நடுவே குறுக்குக் கட்டைகளின் மேல் வண்டியை ஓட்டியும் தள்ளியும் சென்றார்கள். கறுப்பர்களால் என்ன முடியும் என்று சந்தேகப்பட்டவர்கள் அந்த ராணுவத்திலேயே அநேகம் பேர்.

"ஆறிலே மூணு பேர்தானே சார் திரும்பினாங்க?" என்றான் ஓர் இளைஞன். கணக்கில் கெட்டிக்காரன். கூடுவாஞ்சேரிக்கு முன்பே அவனும் மற்றோர் இளைஞனும், பல் வைத்தியத் தம்பதியும் ஒரு சரக்கு வண்டியைப் பிடித்து ஏறிக்கொண்டார்கள். வைத்தியருக்கு முழங்கால் வலி உண்மையாகவே இருந்தது. என் கதையின் சக்தி அவ்வளவுதான்.

மீதி ஏழு பேர் ஓர் ஏரிக்கரையில் போய்க்கொண்டிருந்தபோது வழி முடிந்துவிட்டது. கரையின் கோடியில் கலங்கல். ஏரி நிரம்பி, கலங்கலின் மேல் இருபது கஜ அகலத்துக்கு ஜலம் வழிந்துகொண்டிருந்தது. ஆழம் முழங்காலுக்குக் கீழேதான். அக்கரையில் எங்கள் பாதை தெரிந்தது. மணி நாலு. சுற்றிப் போனால் ஜி.எஸ்.டி. சாலை வழியாக ஒன்பது கிலோமீட்டர். இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. மாணவி ஒன்றும் பேசாமல் சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாள். அவளால்தான் தாமதம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று அந்தப் பெண் காலையிலிருந்தே முன் வரிசையில் வந்துகொண்டிருந்ததை நான் கவனித்திருந்தேன்.

கரைச் சரிவில் எருமைகளுடன் நின்ற கிழவர் ஒருவர் கோணியைத் தலையில் போட்டிருந்தார். "ஐயா, பொண்ணை எறங்க விடாதீங்க. தண்ணி கொஞ்சந்தான். அடியிலே பூரா பாசி. போன வருசம் என் எருமையே வழுக்கிச்சு. அந்தாண்ட விழுந்தா மடுவு" என்றார்.

ஓடும் ஜலத்தின் பலத்தைப் பற்றி நான் வகுப்பில் போதித்திருக்கிறேன். ஓர் அடி ஆழமானாலும் வேகமாக ஓடினால் மனிதன் காலை வாரிவிடும்; தோளில் சைக்கிளும் இருந்தால் கேட்க வேண்டியதில்லை. ஆனால் எருமை வழுக்கிற்று என்பதைக் காட்டிலும் நல்ல பௌதிக பாடம் எனக்குத் தெரியாது. "சுற்றிப் போகிறோம்" என்றேன். கணினி இளைஞர் இருவரும் முகத்தைச் சுளித்தார்கள். தபால்காரர், "முப்பத்தாறு வருஷம் தபால் கொடுத்தேன், தம்பி. சுத்து வழியிலே போன தபால் எதுவும் தொலைஞ்சதில்லை" என்றார். மாணவி சைக்கிளைக் கீழே இறக்கினாள். "லேட் ஆனா அப்பா பயப்படுவாரு சார்" என்றாள். அவருடன் அவளையே செல்பேசியில் பேசச் சொன்னேன். பேசினாள், முகம் தெளிந்தது.

வண்டலூர் தாண்டும்போது விளக்கு வைக்கும் நேரம். இங்கே நேயர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டலூருக்கு மேற்கே, மண்ணிவாக்கம், ஆதனூர்ப் பக்கம் பெய்கிற மழை அடையாற்றைச் சேர்ந்தது. தாம்பரத்துக்குக் கிழக்கே பெய்கிற மழை எங்களைச் சேர்ந்தது. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து செம்பாக்கம் ஏரிக்கு, அங்கிருந்து நன்மங்கலம், பிறகு கீழ்க்கட்டளை, பிறகு நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம்: ஏரிக்கு ஏரி கை மாற்றிக் கொடுத்துக்கொண்டு வரும். அதன் பின் ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் விழுந்து கோவளத்தில் கடலைச் சேர வேண்டும். சேருவதற்கு அவகாசம் இல்லாதபோதுதான் எங்கள் தெருவில் தங்கும்.

மாடம்பாக்கத்தில் சோழர் காலத்துத் தேனுபுரீசுவரர் கோயில் வாசலில் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, விளக்குகளைப் பொருத்திக்கொண்டு செம்பாக்கம் வந்தோம். இருட்டில் ஏரி கண்ணுக்குத் தெரியவில்லை, சப்தம் கேட்டது. நிரம்பிய ஏரி, வாய்க்காலில் இறங்கும் சப்தம். எங்கள் பாதைக்குப் பக்கத்திலேயே அந்த ஜலமும் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. நான் போகிற இடத்துக்குத்தான் அதுவும் போகிறது என்று எனக்குத் தெரியும். வீட்டில் தாயாருக்கு எழுபத்தெட்டு வயது. துணைக்கு என் மகள். செல்பேசியில் கூப்பிட்டேன், மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டேன், மணிகூட அடிக்கவில்லை. பிரேக் கட்டைகள் சேற்றில் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசிற்று. நன்மங்கலம் காட்டோரத்தில் கொம்பன் ஆந்தை உண்டு என்று வழக்கமாக எல்லோருக்கும் காட்டப் பார்ப்பேன். அன்றைக்கு ஆந்தை என் எதிரே வந்து நமஸ்காரம் செய்திருந்தாலும் நின்றிருக்க மாட்டேன்.

கீழ்க்கட்டளையில் எல்லோரும் களைத்துப்போய் வரிசை சிதறிற்று. அப்போது எனக்கு முன்னால் ஒழுங்காக, நாழிகை வட்டில்போல, ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது கியரில்லாத இரண்டு சைக்கிள்கள். ஒன்று அரசாங்கத்தினுடையது, மற்றொன்று வங்கி அதிகாரியினுடையது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டைச் சீமையில் அறிவொளி இயக்கத்தார் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களுக்குச் சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தபோது, பெண்களுக்கு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களில் யாராவது அன்றிரவு நாராயணபுரம் ஏரியருகில் மழையில் நின்றிருந்தால், அவர்கள் மேல் அந்தப் பெண் சேறு வாரி அடித்துவிட்டுப் போயிருப்பாள்.

எட்டே கால் மணிக்குப் பள்ளிக்கரணை. சைக்கிள் கடை வாசலில் குடையுடன் அவளுடைய தகப்பனார் நின்றுகொண்டிருந்தார். மகளைப் பார்க்கவில்லை; முதலில் சைக்கிளைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். "கூடை எங்கே?" என்றார். கூடை தையூருக்கும் திருப்போரூருக்கும் நடுவில் எங்கேயோ உதிர்ந்துவிட்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. வங்கி அதிகாரி, கூடை தம் பொறுப்பு என்றார்.

எங்கள் தெருவில் ஜலம் சைக்கிளின் பாதிச் சக்கரம் அளவுக்கு நின்றது. தள்ளிக்கொண்டு போனேன். மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள், வாசலில் அரிக்கேன் விளக்கு. அரிசி மூட்டையும் மகளின் பாடப் புத்தகங்களும் பரண் மேல் ஏறியிருந்தன. செல்பேசியும் அவற்றோடு பரணுக்குப் போய்விட்டிருந்தது. தாயார் இரண்டாம் படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முதல் படியில் சுண்ணாம்புக் கட்டியால் அரை மணிக்கு ஒரு கோடாகப் போட்டு வைத்திருந்தாள். ஆறு கோடு. கடைசி மூன்றும் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தன.

"ஏழு மணியிலேருந்து ஏறலைடா. அந்தச் சேத்தோட உள்ளே வராதே" என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். ஜலம் வடிந்த பிறகு கொல்லைக் குழாயடியில் சைக்கிளைக் கழுவினேன். முதலில் கரைந்தது எங்கள் தெருச் சேறு. அதற்கடியில் திருப்போரூர்ச் செம்மண். சக்கரத்தின் அச்சருகே, உளியால் பெயர்க்க வேண்டியதாகத் தையூர்க் களிமண். மூன்றையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் மண் வகைகள் பாடம் தை மாதத்தில் வருகிறது.