மூன்று அம்பும் ஒரு முக்கோணமும்



போன வாரம் என் மருமகள் போட்ட படத்தை நிறையப் பேர் பார்த்துவிட்டீர்கள். கையில் கேம் கன்ட்ரோலரோடு, நாக்கைக் கடித்துக்கொண்டு, டி.வி. முன்னால் நான் உட்கார்ந்திருக்கிற படம். "சார், இது நீங்களா?" என்று 40 பேருக்கு மேல் கேட்டாச்சு. மதுரை மச்சினர் போனே போட்டுவிட்டார்: "அத்தான், உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேரன் ஒன்பதாம் வகுப்பு. அவன் ஆடுவது டெக்கன் 8 என்கிற சண்டை விளையாட்டு. முழுப் பரீட்சை லீவில் அவனுடைய சேக்காளி குடும்பத்தோடு கோயம்புத்தூருக்கு மாறிப் போய்விட்டான். இவன் ரெண்டு நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மூணாவது நாள் என்னிடம் வந்தான். "ரெண்டாவது ஆள் இல்லாம இதைப் பழக முடியாது தாத்தா. நீங்க சும்மா உக்காருங்க. நான் அடிக்கேன், நீங்க வாங்குங்க." 34 வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு இப்படி ஒரு வேலை. சரி என்று உட்கார்ந்தேன். அது ஏப்ரல். இப்போது ஐப்பசி பிறந்துவிட்டது.

பார்த்தால் ஒன்றுமே இல்லை. நாலு பட்டன். சதுரம் இடது கை, முக்கோணம் வலது கை, பெருக்கல் குறி இடது கால், வட்டம் வலது கால். கண்ணை மூடிக்கொண்டு நாலையும் தட்டினாலே திரையில் ஏதோ அழகாக நடக்கும். முதல் நாள் அப்படித் தட்டியே ஒரு ஆட்டம் ஜெயித்தேன். (விட்டுக்கொடுத்தானா என்று கேட்டால் இன்றுவரை சிரிக்கிறான்.) அதற்கப்புறம் மூன்று வாரம் ஒரு ஆட்டம்கூட இல்லை.

ஏன் என்று யோசித்தேன். அடி மூன்று உயரத்தில் வருகிறது: தலைக்கு, வயிற்றுக்கு, காலுக்கு. நின்றுகொண்டு தடுத்தால் மேலே ரெண்டையும் தடுக்கலாம், கால் போகும். குனிந்து தடுத்தால் கால் தப்பும், தலைக்கு வருவது காற்றில் போகும், ஆனால் வயிற்றுக்கு வருவது நேராக வந்து இறங்கும். எது வரும் என்று பார்த்துத் தடுத்தால் என்ன? இங்கேதான் கணக்கு வருகிறது, பிள்ளைகளே. நோட்டை எடுங்கள்.

திரையில் நொடிக்கு 60 படம் ஓடுகிறது. ஒரு படத்துக்குப் பெயர் ஃபிரேம். சாதாரணக் குத்து ஒன்று, விட்ட பத்தாவது ஃபிரேமில் மேலே விழுகிறது. 10-ஐ 60-ஆல் வகுத்தால் நொடியில் ஆறில் ஒரு பங்கு. கண் பார்த்து, மூளைக்கு எட்டி, விரல் அசைய மனுஷனுக்குக் கிட்டத்தட்ட கால் நொடி வேண்டும். அது 15 ஃபிரேம். ஆக, அந்தக் குத்தைப் பார்த்துத் தடுக்க எந்த மனுஷனாலும் முடியாது. சின்னப் பையனுக்கு வேகம், எனக்கு வயசு என்று நான் சொல்லிக்கொண்டிருந்த சமாதானம் அன்றைக்கே போய்விட்டது. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 என்ற இன்னொரு சண்டை விளையாட்டுக்குப் பதக்கம் வைத்தார்கள். நம் நாட்டிலிருந்து மயங்க் பிரஜாபதியும் அயன் பிஸ்வாசும் போய்த் தோற்றுத் திரும்பினார்கள். தங்கம் வாங்கிய கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44.

பார்த்துத் தடுக்க முடியாது என்றால் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். ஒருத்தன் விட்ட அடியை நாம் தடுத்துவிட்டால், அவன் சுதாரித்து நிலைக்கு வர நேரம் பிடிக்கும். நம்மைவிட 14 ஃபிரேம் பிந்துகிறான் என்று வையுங்கள். நம்முடைய 10 ஃபிரேம் குத்து அங்கே தப்பாமல் விழும். 15 ஃபிரேம் உதையை விட்டால் அதற்குள் அவன் கை ஏறிவிடும், நாம் மாட்டிக்கொள்வோம். எந்த அடி எத்தனை பிந்தும் என்பது ஆளுக்கு ஆள் வேறு. விளையாட்டு வெளிவந்தபோதே அதில் 32 ஆட்கள், ஒவ்வொருத்தருக்கும் நூற்றுக்கு மேல் அடி. வாய்ப்பாடு பதினாறு வரை போதும் என்று உங்களை விட்டேனே, எவ்வளவு நல்லவன் நான்!

மனப்பாடம் செய்தாலும் விரலுக்கு வர வேண்டுமே. கசுயா மிஷிமா என்று ஓர் ஆள், அவனுக்கு ஓர் அடி. முன்னால் தட்டி, கையை எடுத்து, கீழே, பிறகு கீழும் முன்னும் சேர்ந்த சாய்வு. அந்தச் சாய்வும் முக்கோணப் பட்டனும் ஒரே ஃபிரேமில் விழ வேண்டும். அதாவது நொடியில் அறுபதில் ஒரு பங்கு. விழுந்தால் மின்னல் அடிக்கும், எதிராளி தடுத்தாலும் நமக்குச் சேதமில்லை. ஒரு ஃபிரேம் தவறினால் வெறும் குத்துதான் வரும், அதை அவன் தடுத்தால் அடி நமக்கு. "நீங்க ரெண்டையும் தனித்தனியா யோசிக்கீங்க தாத்தா, ஒண்ணா யோசிங்க" என்கிறான் பேரன். நான் எத்தனை பிள்ளைகளிடம் இதே தொனியில் "நல்லா யோசிலே" என்று சொல்லியிருப்பேன்! யோசித்தால் வருகிற காரியமா இது? சின்ன வயதில் ரெண்டு மாதம் சிலம்பம் கற்கப் போனேன். ஆசான் கம்பையே கொடுக்கவில்லை, காலடி மட்டும் போடச் சொன்னார். அலுத்து ஓடிவந்துவிட்டேன். இப்போது ஓட முழங்கால் இல்லை.

அதனால் தினம் 100 தடவை என்று வைத்துக்கொண்டேன். முதல் நாள் 100-க்குப் பூஜ்யம். ரெண்டு வாரம் கழித்து 3. பழக்க தோஷம், 200 பக்க நோட்டு ஒன்று வாங்கி எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தேன். என்னென்ன அடி, எத்தனைக்கு எத்தனை. ஒரு ராத்திரி அதில் இப்படி எழுதினேன்:

→ ↓ ↘ △

எழுதிய கை அப்படியே நின்றுவிட்டது. இந்த வரியை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன்.

2003. பத்தாம் வகுப்பு. அந்த செட் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும், பெயர் சொல்ல மாட்டேன். கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்சு. ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தான். பிடுங்கிப் பார்த்தால் பக்கம் பக்கமாக அம்புக்குறி, சதுரம், முக்கோணம், வட்டம். "இது எந்தத் தேற்றம்லே? எங்களுக்கும் சொல்லு" என்று எழுப்பி நிறுத்தினேன். வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். வாசித்தான்: "முன்னாடி, கீழே, சாய்வா, முக்கோணம்." வகுப்பே சிரித்தது. நானும்தான். பிறகு அவன் கண் முன்னாலேயே அந்தப் பக்கங்களைக் கிழித்தேன்.

அன்று சாயங்காலம் பாளை மார்க்கெட் பக்கம் ஒரு மாடிக்குப் போய், மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு பிளேஸ்டேஷன் ஆடவிடுகிற கடையில் இருந்து நாலு பேரையும் இழுத்து வந்தேன். அவர்கள் ஆடிக்கொண்டிருந்தது டெக்கன் 3. அப்பாமார்களுக்கும் சொல்லி அனுப்பினேன். அவன் கணக்கில் 41 எடுத்துத் தேறினான். பதினொன்றில் கணக்கு இல்லாத குரூப்பாகப் பார்த்துச் சேர்ந்துகொண்டான். என் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இப்போது தூக்கம் கெடுக்கிற விஷயம் ஒன்று. அந்தப் பக்கங்களில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு பின்னம் எழுதியிருந்தான். 3/10. 7/10. கிழிக்கும்போதே பார்த்தேன், அது என்ன என்று கேட்கவில்லை. பத்து தடவைக்கு எத்தனை தடவை சரியாக வந்தது என்ற கணக்கு. காசு கொடுத்து ஆடுகிற நேரம் என்பதால் பத்தோடு நிறுத்தியிருக்கிறான், எனக்கு வீட்டு டி.வி., நூறு போகிறேன். பின்னத்தைக் கண்டாலே பெஞ்சுக்கு அடியில் ஒளிகிறவன், யாரும் சொல்லாமல் தானாக எழுதிய பின்னம் அது.

பேரன் லாகூர்க்காரர் ஒருவரின் ஆட்டத்தை எனக்குப் போட்டுக் காட்டுவான். அர்ஸ்லான் ஆஷ். 2019 பிப்ரவரியில் ஜப்பானில் ஈவோ ஜப்பான் போட்டியில் டெக்கன் 7-ல் ஜெயித்தார். அதே வருஷம் ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் ஈவோவிலும் ஜெயித்தார். அதுவரை பெரிய ஆட்டக்காரர்கள் என்றால் கொரியா, ஜப்பான்தான். இந்த மனுஷன் எங்கிருந்து வந்தார் என்று எல்லாரும் முழித்தார்கள். எங்கள் ஊரில் என்னைப் போல் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்றார் அவர். நம்பாமல், கொரியாவின் பெரிய ஆட்டக்காரர் பே ஜே-மின் பாகிஸ்தானுக்கே போய் ஆடிப் பார்த்தார், அங்கே பலரிடம் தோற்றார். தெருக்கடைகளில் ஒருத்தரை ஒருத்தர் அடித்து அடித்தே அவர்கள் அந்த உயரத்துக்கு வந்திருந்தார்கள். நான் தாமிரபரணியில் நீச்சல் பழகியதும் அப்படித்தான். குறுக்குத்துறையில் என்னைத் தள்ளிவிட்ட பெரியப்பாவுக்கு நீந்தத் தெரியும், சொல்லித்தரத் தெரியாது. கூடவே தண்ணீர் குடித்த மூன்று பேர் இருந்ததால் கற்றுக்கொண்டேன். இணையத்தில் எதிராளி கிடைப்பான்தான், ஆனால் பதில் வந்துசேர நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமானால் அதிலேயே 6 ஃபிரேம் போச்சு. பக்கத்தில் உட்கார்ந்து "இப்ப ஏன் குனிஞ்சீங்க?" என்று கேட்க ஆள் இருப்பது வேறு.

அந்த மாடிக் கடையில் அது இருந்தது. இணையத்தில் பார்த்துக்கொள்ள வழியில்லாத நாலு பையன்கள், தாங்களாகவே தட்டிக் கண்டுபிடித்து ஒரே நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். நான் விட்டிருந்தால் அவர்கள் லாஸ் வேகாஸில் கோப்பை வாங்கியிருப்பார்கள் என்று புருடா விடமாட்டேன். பத்தாம் வகுப்புப் பரீட்சை நேரத்தில் அங்கே கிடந்தவர்களை இழுத்து வந்ததும் தப்பில்லை, இன்றைக்கும் இழுத்து வருவேன். வகுப்பில் வாசிக்க வைத்ததும் கிழித்ததும்தான்.

அவன் ஷார்ஜாவில் இருக்கிறான் என்கிறார் ஒருத்தர். இல்லை சார், திருப்பூர் என்கிறார் இன்னொருத்தர். யாரிடமாவது நம்பர் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள், இங்கே கீழே போட்டுவிட வேண்டாம். தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பேரனுக்குப் பள்ளிக்கூடம் திறந்தபிறகு சாயங்காலம் வரை கன்ட்ரோலர் ரெண்டும் சும்மாதான் கிடக்கின்றன. திரையில் நம் ஆள் இடது பக்கம் நிற்கும்போது எனக்கு 100-க்கு 22 வருகிறது. வலது பக்கம் மாறி நின்றால் அம்பெல்லாம் திரும்பிவிடுகிறது. அங்கே இன்னும் 6-தான்.