மேடையில் வந்த பொன்னி

நாடக அரங்கின் வாசலை மிதித்தறியாத மதரஸா வளர்ப்பு நம்முடையது. எனினும் 2014 ஜூன் மாதம், ரமலான் பிறைக்கு முன்னர், சென்னை மியூசிக் அகாடமியில் ‘பொன்னியின் செல்வன்’ நாடகம் காண அமர்ந்திருந்தோம். அழைத்துச் சென்றவர்கள் நம் அத்தா. 1950 முதல் கல்கி இதழில் அக்கதை தொடராக வந்தபோது, வாரந்தோறும் பிறர் படிக்கக் கேட்டு வளர்ந்த உழவர் அவர்கள்.

1999-இல் நந்தனம் திறந்தவெளியில் நடித்த மேஜிக் லேண்டர்ன் குழுவினரே அதை மீண்டும் மேடையேற்றினர். தோட்டா தரணியின் அரங்க அமைப்பும், இசையும், வாட்போரும் நம்மை ஈர்த்தன. சோழ நாட்டு வளம் பேசப்பட்ட வேளையில் அத்தா நம் கையை இறுகப் பற்றினார்கள்.

“இங்கே பொன்னி வந்துட்டா தம்பி, நம்ம வாய்க்காலுக்கு எப்ப வருவாளாம்?”

நம்மிடம் விடை இல்லை. அவ்வாண்டு ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கப்படவில்லை; ஆகஸ்ட் 15-இல்தான் நீர் விட்டனர். நம் மூன்று மா நிலத்தில் குறுவை பொய்த்தது. சம்பா மட்டுமே நட்டோம்.

அத்தா இன்று இல்லை. ஆற்றில் புதுநீர் வரும்போதெல்லாம், அரங்கின் இருளில் நம் விரல்களை இறுக்கிய அக்காய்ப்பேறிய கையே நினைவில் எழுகிறது. அல்லாஹ் அவர்களின் கபுறை விசாலமாக்குவானாக!